முதல் வாசல்

வியாழக்கிழமை நற்செய்திக் கூட்டத்துக்கு முதலில் வந்து நாற்காலி போடுகிறவள் நான்தான். பத்தொன்பது வருஷமாகப் போடுகிறேன். மொத்தம் பதினான்கு நாற்காலி. ஜன்னலோரம் இருப்பதற்குக் கால் ஆடும், அதில் நான் உட்கார்ந்துகொள்வேன். அதைக்கூட நீங்கள் தாழ்மை என்று பேசிக்கொண்டீர்கள். வேறு யாராவது உட்கார்ந்து விழுந்து வைத்தால் தூக்கிவிட வேண்டியவள் நான்தானே என்றுதான் உட்கார்ந்தேன்.

போன வாரம் நீங்கள் எல்லோருமாகச் சேர்ந்து பங்குக் குரு இலாரியோ சாமியிடம் பேசி, இந்த வருஷம் சூசையப்பர் திருநாளுக்கு மூன்றாம் வாசல் என் வீடு என்று முடிவு செய்துவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள். சரீனா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"எழுபது வருஷமா இல்ல இல்லன்னே சொல்லிட்டிருந்த வீடு. ஒரு தடவையாவது வாங்கன்னு சொல்லட்டுமே."

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு பிரதி எழுதுகிறேன். ஒன்று உங்களுக்கு. மற்றது ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி கஸ்பரேக்கு. அவனுக்கு எழுபதை நெருங்கிவிட்டது. அவன் பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள், நம் ஊர் வழக்கம் அவர்களுக்குத் தெரியாது. அவர்களும் வாசிப்பார்கள் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கி எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள். ஊரில் இல்லாதப்பட்ட மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து சூசையப்பராகவும் மாதாவாகவும் குழந்தை இயேசுவாகவும் உடுத்தி அனுப்புவார்கள். ஊரே பின்னால் வரும். சூசையப்பர் கைத்தடியால் முதல் வாசலைத் தட்டுவார். யாரு என்று உள்ளிருந்து கேட்க வேண்டும். இயேசு, சூசை, மரியாள் என்பார். என்ன வேணும் என்றால், பசிக்குது, தங்க இடம் வேணும் என்பார். இங்க இடமில்ல, வேற வீடு பாருங்க என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாம் வாசலிலும் அப்படியே. மூன்றாம் வாசல் திறக்கும். அங்கே மேஜை போட்டு, கைத்தடி மாதிரியும் தாடி மாதிரியும் சுட்ட ரொட்டியும், காட்டுச் சோம்பு போட்ட அவரைப்பருப்புக் கஞ்சியும், தேன் ஊற்றிய பணியாரமும் அடுக்கியிருக்கும். மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு ஊரே சாப்பிடும்.

மூன்றாம் வாசலுக்கு எல்லோரும் ஆசைப்படுவார்கள். முதல் வாசலுக்கு யாரும் முன்வரமாட்டார்கள். தேவகுடும்பத்தைப் போ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? என் அப்பா லிபோரியோ, எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே, அதைத் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். "யாராவது ஒருத்தன் இல்லன்னு சொன்னாத்தானே கதை நடக்கும்" என்பார். சொல்லிவிட்டு, கொல்லைப்பக்கம் வழியாக ஒரு பெரிய ரொட்டியை மூன்றாம் வீட்டுக்கு ஓடவிடுவார். தேவகுடும்பம் போய்ச் சேர்வதற்குள் எங்கள் ரொட்டி மேஜையில் இருக்க வேண்டும். அது அவர் சேர்த்துக்கொண்ட வழக்கம்.

இன்னொரு விதியும் உண்டு. இல்லை என்று சொல்கிறவர் கதவைத் திறக்கக் கூடாது, இடுக்கு வழியாகப் பார்க்கவும் கூடாது. பார்த்தால் மனம் இளகிவிடும். கதவுக்கு முன்னால் நின்று மரத்தைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும்.

அப்பாவுக்கு வாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அந்தப் பதிலைச் சொல்வது என் வேலையாயிற்று.

நம் கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதிவிடுகிறேன். நற்செய்தியில் ஒரு கதையை வாசித்துவிட்டு, இந்தக் கதையில் நான் யார் என்று ஒவ்வொருத்தியும் சொல்ல வேண்டும். அந்த வாரம் முழுக்க வீட்டிலும் கடையிலும் அதை நினைத்து நடக்க வேண்டும். அடிபட்டுக் கிடந்தவனைச் சமாரியன் தூக்கிக்கொண்டு போன கதையை வாசித்த அன்று கொன்சத்தா என்ன சொன்னாள் என்று ஞாபகமிருக்கிறதா?

"நான் அந்தக் கழுதை சாமி. எங்க வீட்ல எல்லாரையும் முதுகுல ஏத்திக்கிட்டுப் போறது நான். பேரு மட்டும் சமாரியனுக்கு."

இலாரியோ சாமியே சிரித்துவிட்டார். மார்த்தா, மரியா கதை வந்தால் சரீனா எப்போதும் அடுப்படியில் ஓடியாடும் மார்த்தாதான். "எம் புருஷன் மரியா. உக்காந்துக்கிட்டே இருப்பாரு" என்பாள்.

தவக்காலத்தில் ஊதாரி மகன் கதை வரும். பங்கைப் பிரித்து வாங்கிக்கொண்டு தூரதேசம் போனவன், எல்லாம் தொலைத்துவிட்டுத் திரும்பி வருகிறான். கிழத் தகப்பனார் அவனைத் தூரத்திலேயே கண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். வீட்டோடு கிடந்து உழைத்த மூத்த மகன் உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்தில் நிற்கிறான். நீங்கள் எல்லோரும், நான்தான் அந்த ஊதாரி, கடவுள் என்னை மன்னித்தார் என்று சொல்வீர்கள். அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். நான் மட்டும் ஒவ்வொரு வருஷமும், "நான் மூத்த மகன்" என்பேன். பார், தன் குறையை எப்படி மறைக்காமல் சொல்கிறாள் என்று பேசிக்கொண்டீர்கள். ஒரு வருஷம் கொன்சத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பத்தொன்பது வருஷமாக உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவந்தேன். சொல்லிவிட்டேன் என்று எனக்கே ஒரு நிம்மதி. இனி யாராவது கேட்டால் ஒளிக்க ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்வேன். யாரும் கேட்கவில்லை.

கஸ்பரே அறுபத்தொன்றில் போனான். அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கீழ்த்தோட்டத்துப் பாதாம் மரங்களில் தன் பாதியைக் கேட்டான். அப்பா உயிரோடு இருக்கும்போதே கேட்டான். அப்பா மறு பேச்சில்லாமல் விற்றுக் கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவளும் நான்தான். மூன்று வருஷம் கழித்து அம்மா படுத்தபோது இரண்டு தந்தி கொடுத்தேன். வரவில்லை. பிறகு எப்போதாவது ஒரு கடிதம் வரும்.

அப்பா தினமும் சாயங்காலம் நாற்காலியை ரோட்டைப் பார்த்துப் போடச் சொல்வார். வாதம் வந்த பிறகு கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பச் சொன்னார். மூன்று வருஷம் நான் அவரைக் குளிப்பாட்டினேன், புரட்டிப் போட்டேன், கஞ்சி ஊட்டினேன், நகம் வெட்டினேன். ஒருமுறை பக்கத்து ஊரிலிருந்து மனைவியை இழந்த ஒரு பள்ளிக்கூட வாத்தியார் என்னைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர். அப்பா, "கஸ்பரே வர்ற வரைக்கும் பொறுக்கச் சொல்லு. அவன் வந்துட்டா என்னைப் பாத்துக்குவான், நீ போகலாம்" என்றார். வாத்தியாரால் பொறுக்க முடியவில்லை.

இதையெல்லாம் காரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முன்பு சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது நடந்தது என்பதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எழுபத்திரண்டாம் வருஷம் மார்ச் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அப்பாவுக்குக் கண் மங்கியிருந்தது. நான்தான் வாசித்துக் காட்டுவேன். கட்டிலோரம் உட்கார்ந்து வாசித்தேன். "அப்பா, நல்லா இருக்கேன். வேலை ஜாஸ்தி. எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."

"வர்றதப் பத்தி ஒண்ணும் எழுதலியா?"

"எழுதலப்பா."

"காகிதத்தத் திருப்பிப் பாரு. சில பேரு பின்பக்கம் எழுதுவாங்க."

திருப்பினேன். பின்பக்கம் முழுக்க எழுதியிருந்தான். குடிச்சு உடம்பு கெட்டுப்போச்சு, வேலையும் போச்சு. சூசையப்பர் திருநாளன்னிக்கு மத்தியான பஸ்ஸுல வர்றேன். வாசல்ல வந்து நிப்பேன். அப்பா உள்ள வான்னு சொன்னா வர்றேன். வேண்டாம்னா ஒரு வார்த்த பேசாம வந்த பஸ்ஸுலயே திரும்பிடுறேன். அப்புறம் ஒரு நாளும் தொந்தரவு பண்ண மாட்டேன்.

"பின்பக்கம் ஒண்ணுமில்லப்பா" என்றேன்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, "தபால்காரனுக்குக் குடிக்க ஏதாச்சும் குடுத்தியா?" என்று கேட்டார்.

திருநாளன்று பதினொரு மணிக்குத் தேவகுடும்பம் வந்தது. அந்த வருஷம் சூசையப்பர் செருப்புத் தைக்கிற மிக்கேலே. தட்டினார். வழக்கமான கேள்வியைக் கேட்டேன், வழக்கமான பதிலைச் சொன்னேன். தெரு கலகலவென்று சிரித்துவிட்டு இரண்டாம் வாசலுக்குப் போயிற்று. ரொட்டியைக் கொல்லை வழியாகக் கொடுத்தனுப்பினேன். பிறகு தெருவில் ஆளே இல்லை. நாய்கூட மூன்றாம் வாசலுக்குப் போய்விட்டிருந்தது. அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டி, வாயைத் துடைத்துவிட்டு, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வரும்போது வாசலில் மறுபடியும் தட்டுகிற சத்தம்.

தேவகுடும்பம் வழி தெரியாமல் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அப்படிப் பதில் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கதவைத் திறக்கக் கூடாதே, பார்க்கக் கூடாதே, ஊர் வழக்கமாயிற்றே. நல்ல வாதம் அது. யாராவது விசாரித்திருந்தால் நின்றிருக்கும்.

"யாரு?" என்று கேட்டேன்.

"நான்தாங்க்கா."

தேவகுடும்பத்தில் எனக்கு யாரும் தம்பி முறை இல்லை.

"என்ன வேணும்?" என்றேன்.

பிறகு சிரித்தான். பதினொரு வருஷம் கழித்தும் அதே சிரிப்பு, மூக்கால் சிரிப்பது.

"அட, இன்னிக்கு அது வேறயா. சரி, சரி. இயேசு, சூசை, மரியாள். பசிக்குது, தங்க இடம் வேணும்."

சின்னப் பிள்ளைகளாக இருக்கும்போது ஆட்டுக்கொட்டில் கதவை வைத்து நாங்கள் இதை விளையாடுவோம். அவன்தான் சூசையப்பர், துடைப்பக்கட்டை கைத்தடி. உள்ளே நான். இரண்டு தடவை துரத்திவிட்டு மூன்றாம் தடவை திறந்து உலர்ந்த அத்திப்பழம் கொடுப்பேன். பிள்ளைகளின் விளையாட்டில் மூன்று வாசலும் ஒரே வாசல்தான்.

"இங்க இடமில்ல. வேற வீடு பாருங்க."

மறுபடி தட்டினான். "அம்மா, தாயே. ஜெர்மனிலேர்ந்து கழுதைமேல வர்றோம். மாதாவுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு. சூசையப்பருக்குக் காப்பி குடிச்சே ரெண்டு நாளாச்சு."

"இங்க இடமில்ல."

மூன்றாம் தடவை மெதுவாகத் தட்டினான். கையை மரத்தின்மேலேயே வைத்திருந்தான் என்று நினைக்கிறேன். குரல் பக்கத்தில் கேட்டது.

"இது மூணாவது. மூணாவதுக்குத் தொறக்கணுங்க்கா. நீதான சொல்லிக் குடுத்த."

"மூணாவது வேற வீடு" என்றேன்.

அதோடு அவன் சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நாலு வார்த்தை பேசினோம். அதைக் கடைசியில் எழுதுகிறேன். அவன் போய்விட்டான். மூன்றாம் வாசலுக்குப் போயிருந்தால் ஊரே கட்டிக்கொண்டு அழுதிருக்கும். சதுக்கத்தைத் தாண்டித்தான் பஸ் நிறுத்தம். அந்த முகத்தோடு சதுக்கத்தில் நடக்க அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கும். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய கீழ்ப்பாதையில் இறங்கி, ஊருக்கு வெளியே ரோடு பிரிகிற இடத்தில் பஸ் பிடித்திருக்கிறான்.

சரீனா, உனக்கு ஞாபகமிருக்கும். சாயங்காலம் எங்களுக்குப் பணியாரம் கொண்டுவந்தாய்.

"கீழ்ப்பாதைல ஒரு ஆளு போனான்டி. பையைத் தோள்ல போட்டுக்கிட்டு. எங்க மாடிலேர்ந்து பாத்தேன். நடை அப்படியே உன் தம்பி நடை."

"திருநாளுக்கு வர்றவன் ஊருக்குள்ள வருவானா, ஊரை விட்டுப் போவானா?" என்று கேட்டேன்.

"அதுவும் சரிதான்" என்றாய். தட்டை வாங்கிக் கழுவிக் கொடுத்தேன். உன் கண் நன்றாகத்தான் இருந்தது, சரீனா. முப்பத்தேழு வருஷம் கழித்துச் சொல்கிறேன். நீ பார்த்தது அவனைத்தான்.

அந்த வாரம் எனக்குத் துணைக்கு நற்செய்தியைத் தேடினேன். கிடைத்தது. விளக்கோடு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த பத்துப் பெண்களில் ஐந்து பேர் எண்ணெய் தீர்ந்து வாங்கப் போய்த் தாமதமாக வந்தார்கள் அல்லவா, அவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. உள்ளே இருந்தவர், உங்களை எனக்குத் தெரியாது என்றார். அதைச் சொன்னது யார்? ஆண்டவரே சொன்ன கதைதானே. அப்படியானால் வீட்டில் விழித்திருந்து எண்ணெய் ஊற்றியவளுக்குக் கதவை அடைக்க உரிமை உண்டு என்று எடுத்துக்கொண்டேன். தட்டுகிறவனுக்குத் திறக்கப்படும் என்று அதே வாய்தான் சொல்லியிருக்கிறது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவில்லை. பிற்பாடு உங்களுக்குப் பாடம் சொன்னவள் இப்படித்தான் பாடம் படித்தாள்.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு நாள் இருந்தார். மறுநாள் மத்தியானம் கஞ்சி ஊட்டும்போது கேட்டார்.

"சாமிங்க நேத்து எங்க சாப்ட்டாங்க?"

"மூணாம் வீட்லப்பா."

"வயிறாரச் சாப்ட்டாங்களா?"

"சாப்ட்டாங்க."

அவர் இன்னொரு வாய் வாங்கிக்கொண்டார். மென்று விழுங்க அவருக்கு நேரம் பிடிக்கும். விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"பஸ்ஸு கெடச்சுதா?"

கரண்டி என் கையில் இருந்தது. சூசையப்பரும் மாதாவும் பஸ்ஸில் போவதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெடச்சிருக்கும்" என்றேன்.

"உக்கார எடம் கெடச்சிருக்குமா? உடம்பு சொகமில்லாதவங்க நின்னுட்டே போக முடியாது."

உடம்பு சுகமில்லை என்பது பின்பக்கத்தில் எழுதியிருந்தது. நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டவே இல்லை. வாசலில் அவன் பேசிய குரலைக் கேட்டே அவர் கண்டுபிடித்திருக்கிறார்.

ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. ஊருக்குப் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும்? அங்கே இன்னும் பனி பெய்யுமா? ரொட்டி கொடுத்தனுப்பினாயா? ஒருமுறைகூட, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவில்லை. ஒருமுறைகூட அவன் பெயரைச் சொல்லவில்லை. நானாகச் சொல்ல இடம் வைத்துவிட்டுக் காத்திருந்தார் என்று இப்போது தெரிகிறது. அப்போதும் தெரிந்தது. அவன் முகவரி என் ஏப்ரன் பையில் இருந்தது. தந்தி கொடுத்திருந்தால் நாலே நாளில் வந்திருப்பான். பதினோரு நாளில் அவன் வந்து சேர்ந்து, உட்கார்ந்து, ஒரு வாரம் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

கடைசி நாள், "நீ களைச்சுப் போயிட்ட, அசுந்தா" என்றார். என் பெயரைச் சொல்லிப் பேசியது அந்த மூன்று வருஷத்தில் நாலைந்து தடவை இருக்கும்.

அடக்கம் முடிந்த மறுநாள் கஸ்பரேக்குத் தந்தி கொடுத்தேன். அவன் வரவில்லை. கடிதம் வந்தது. அதன் பிறகு அவன் குடியை விட்டான், ஒரு நல்ல பெண்ணைக் கட்டினான், இரண்டு பிள்ளை பெற்றான். ஒவ்வொரு நவம்பரும் எனக்கு எழுதுகிறான். நல்ல கடிதங்கள். பேரப்பிள்ளைகளின் படம் வைப்பான். என்னைப் பற்றி ஒரு குறையும் எழுதியதில்லை. முடிவில் மட்டும் ஒரு வரி எப்போதும் இருக்கும். "கல்லறைத் திருநாளுக்கு அப்பாவுக்குப் பூ வை, அக்கா. என் பேரைச் சொல்லி வைக்காத. அவருக்குப் பிடிக்காது."

முப்பத்தேழு நவம்பர். நான் பூ வைத்தேன். அவன் பெயரைச் சொல்லவில்லை.

உங்களில் சிலர் இந்த இடத்தில், பாவம், அலுத்துப் போன ஒரு பெண் கோபத்தில் கதவைத் திறக்கவில்லை, அவ்வளவுதானே என்று சொல்வீர்கள். கொன்சத்தா அழுவாள். இலாரியோ சாமி மூத்த மகனுக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டு என்று சொல்லித் தேற்றுவார். அதற்காகத்தான் கதவோரம் பேசிய அந்த நாலு வார்த்தையை எழுதாமல் நிறுத்தி வைத்தேன். அதுவரை நீங்கள் என்னைப் பழைய அசுந்தாவாகவே பார்க்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. இந்த வயதிலும் இருந்தது.

மூணாவது வேற வீடு என்று நான் சொன்ன பிறகு கஸ்பரே பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்த சத்தம் கேட்டது. பிறகு, விளையாட்டு இல்லாத குரலில், மெதுவாகக் கேட்டான்.

"அக்கா. இது நீ சொல்றதா, அப்பா சொல்றதா? நீ சொன்னா நான் இங்கயே உக்காந்துக்குறேன், உன் கோவம் தணியற வரைக்கும். அப்பா சொன்னா போயிடுறேன்."

நியாயமான கேள்வி. உண்மையான பதில் என்றால் ஒரே வார்த்தைதான். அந்தக் கதவுக்கு முன்னால் அதுவரை நான் ஊர் சொல்லிக் கொடுத்ததை மட்டுமே பேசியிருந்தேன். அடுத்து சொன்னது என் சொந்தப் பதில்.

"அப்பா சொல்றதுதான். உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டாரு. கடிதாசைப் படிச்சுக் காட்டினப்பவே சொல்லிட்டாரு."

கஸ்பரேக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. அவன் ஒரு முழத் தூரத்தில் நின்றான். உள் அறைக்கும் கேட்க வேண்டும் என்றுதான் அப்படி உரக்கச் சொன்னேன். ஒரே வார்த்தையில் இரண்டு பேருக்கும் முடித்துவிட வேண்டும் என்று இருந்தது.

"சரிக்கா" என்றான். "அவரை நல்லாப் பாத்துக்க."

காலடிச் சத்தம் தெருமுனை திரும்பும்வரை நின்று கேட்டேன். பிறகு உள்ளே போனேன். அப்பா கட்டிலில் குறுக்காகக் கிடந்தார். போர்வை தரையில் கிடந்தது. நல்ல கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்து இழுத்து இழுத்து அவ்வளவு தூரம் நகர்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. மூன்று வருஷமாக நான் தூக்காமல் அசையாத அந்த இடது கால் தரையில் ஊன்றியிருந்தது.

நான் அந்தக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, போர்வையை எடுத்து உதறி, கழுத்துவரை மூடிவிட்டேன்.